'மெடிக்கல் கொண்டு வா' என்கிறோமே, அதில் எதைக் கேட்கிறோம்?

நமது கடைகளில் ஊழியர் ஒருவர் சுகமில்லாமல் இரண்டு நாள் வராவிட்டால் நாம் முதலில் சொல்லும் வார்த்தை "மெடிக்கல் கொண்டு வா" என்பதுதான். அவரும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஒரு துண்டை வாங்கி வருவார். அதில் இத்தனை நாள் ஓய்வு என்று எழுதியிருக்கும். நாமும் அதை லாச்சிக்குள் போட்டுவிடுவோம். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் இந்த முறை போதும். ஆனால் ஒருவருடைய கால் போய்விட்டால், கண் மங்கிவிட்டால், முதுகெலும்பில் அடிபட்டுவிட்டால் அதே துண்டு ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடுகிறது. எழுதிய வைத்தியர் அப்படி நினைத்து எழுதுவதில்லை. வாசிக்கின்ற முதலாளிமாராகிய நாம்தான் அதை அப்படி ஆக்கிவிடுகிறோம். நானும் அப்படி ஆக்கியவன்தான்.

பேரகலையிலிருந்து வெல்லவாய போகும் வீதியில் கொஸ்லந்தையைத் தெரியாதவர்கள் குறைவு. தியலும நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் எங்கள் டவுனைத் தாண்டித்தான் போகிறார்கள். இங்கே எனக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. மேலே தோட்டங்கள். சம்பள நாளையும் அட்வான்ஸ் நாளையும் நம்பி நடக்கும் வியாபாரம். லொறி வரும் நாட்களில் அரிசி, மா, சீனி என்று மூடைகள் இறங்கும். அந்த மூடைகளைப் பதினொரு வருடம் தன் முதுகில் சுமந்தவர் ஒரு தோட்டத்து லயத்தைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம். ஒரு மழை நாளில் லொறித் தட்டிலிருந்து சீனி மூடையோடு வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் இருந்தார். பிறகு ஊன்றுகோலோடு கடைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். பாரமான வேலைக்குத் தகுதியற்றவர் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

நான் அந்த வரியில் 'தகுதியற்றவர்' என்ற சொல்லை மட்டும் வாசித்தேன்.

"இனி இந்த வேல ஒனக்குச் சரிப்படாது தம்பி" என்றேன். "ஒக்காந்து செய்ற வேல ஏதாவது இருந்தா பாருங்க மொதலாளி" என்றார். "பார்ப்போம்" என்றேன். நமது கடைவீதியில் 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அன்று இரவு ஏதோ பெரிய ஸதகா செய்துவிட்ட நிம்மதியோடு தூங்கினேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவருடைய மனைவியின் கொழுந்துச் சம்பளம் மட்டும் போதவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்க வேண்டிய மூத்த மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்து, கடைக்குப் பால்மா வாங்க வந்த ஓர் இளம் வைத்தியரிடம் பேச்சோடு பேச்சாக இந்தக் கதையைச் சொன்னேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "பாரமான வேலைக்கு என்றுதானே எழுதியிருந்தது? பாரமில்லாத வேலை உங்கள் கடையில் ஒன்றுமே இல்லையா?" நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். நிறுப்பது, பொதி கட்டுவது, கடன் கொப்பி எழுதுவது, களஞ்சியத்தில் சரக்குக் கணக்கு எடுப்பது, லொறிக்காரனோடு பில்லை ஒப்பிடுவது. கடையின் பாதி வேலை பாரமில்லாத வேலைதான்.

அன்றுதான் தொழில் வைத்தியர் என்று ஒரு வகை வைத்தியர் உலகத்தில் இருக்கிறார் என்பதை அவர் வாயால் கேட்டேன். சாதாரண வைத்தியர் உடம்பைப் பார்க்கிறார். தொழில் வைத்தியர் உடம்பையும் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் என்று இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமசினியைச் சொல்கிறார்கள். 1700ஆம் ஆண்டு தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூலை எழுதி, நோயாளியிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொன்னவர் அவர். முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம்மூரில் ஊழியரை வைத்தியரிடம் அனுப்பும்போது அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வரி எழுதி அனுப்பும் முதலாளியை நான் இன்னும் காணவில்லை.

பிரான்ஸில் தொழில் வைத்தியர் தன் வேலை நேரத்தின் மூன்றிலொரு பங்கை வேலைத்தலங்களில் செலவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆஸ்பத்திரி அறைக்குள் இருந்துகொண்டு கடையின் படிக்கட்டை அளக்க முடியாது என்பதுதான் காரணம். ஜப்பானில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் ஒவ்வொன்றும் ஒரு தொழில் வைத்தியரை நியமிக்க வேண்டும். பிரித்தானியா 2010 ஏப்ரலில் தனது நோய்ச் சான்றிதழ்ப் படிவத்தையே மாற்றிவிட்டது. முன்பு வேலை செய்யலாம், செய்யக்கூடாது என்ற இரண்டு பேச்சுத்தான். புதிய படிவத்தில் 'சில மாற்றங்களோடு செய்யலாம்' என்ற ஒரு கட்டம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்புதல், நேரத்தை மாற்றுதல், வேலையை மாற்றுதல், வேலைத்தலத்தைத் திருத்துதல் ஆகியவற்றில் எது தேவை என்று வைத்தியர் அடையாளமிடலாம். இது எவ்வளவு சின்ன மாற்றம் என்று பாருங்கள். எனக்கு வந்த கடிதத்தில் அந்தக் கட்டம் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பையன் பரீட்சை எழுதியிருப்பான்.

கொஸ்லந்தையில் தொழில் வைத்தியர் இல்லை. பதுளையில் தேடினாலும் அந்தப் பெயர்ப் பலகையோடு ஒருவரைக் காண்பது கஷ்டம். 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அது கொழும்பில் இருக்கிறது, நமது சீனி மூடை இங்கே இருக்கிறது. நம் பக்கத்தில் இந்த வேலையைத் துண்டு துண்டாகச் செய்பவர்கள் வேறு ஆட்கள். பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் வேலைத்தலச் சுகாதாரமும் ஒரு கடமை. பரிசோதகர் வந்தால் ஹோட்டல்காரர் எலிப்பொறியை மறைக்க ஓடுவதோடு சரி, அவரிடம் இந்த விடயத்தைக் கேட்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. தோட்டங்களில் வைத்திய உதவியாளர் இருக்கிறார். பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பவர் இருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் ஒரு பாதி தெரியும். மறு பாதி, அதாவது வேலை என்ன என்பது, நமக்கு மட்டும்தான் தெரியும். அதை நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் எந்த வைத்தியரும் பயந்துகொண்டு 'தகுதியற்றவர்' என்றுதான் எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இலேசான வேலை என்று எழுதி, நாம் அந்த மனிதனை மறுபடி மூடை தூக்க வைத்தால் யார் பொறுப்பு?

அந்த இளம் வைத்தியர் சொன்னபடி நான் ஒரு கொப்பித் தாளில் எழுதினேன். காலை ஏழு மணிக்குக் கடை திறப்பது. லொறி வரும் நாளில் ஐம்பது கிலோ மூடை அறுபது, எழுபது. லொறித் தட்டின் உயரம் நெஞ்சளவு. களஞ்சியத்துக்கு நாலு படி, மழைக்கு வழுக்கும். மற்ற நாட்களில் நிறுப்பதும் பொதி கட்டுவதும். சாப்பாட்டுக்கு அரை மணி. உட்கார இடம் இல்லை. இந்தக் கடைசி வரியை எழுதும்போதுதான், பதினைந்து வருடமாக என் கடையில் எனக்கு மட்டும்தான் கதிரை இருக்கிறது என்பது எனக்கே உறைத்தது.

தாளோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வந்த பதிலும் வேறு மாதிரி இருந்தது. மூன்று மாதத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே குனிந்து எடுக்கக் கூடாது. அரை மணி நின்றால் பிறகு உட்கார வேண்டும். முதல் இரண்டு வாரம் அரை நாள் வேலை. ஆறு வாரத்தில் திரும்பக் கொண்டு வந்து காட்ட வேண்டும். இதில் நோயின் பெயரே இல்லை. இதை ஒரு குறையாக நினைத்து வைத்தியரிடம் கேட்டேன். "அவருக்கு என்ன நோய் என்பது அவருக்கும் எனக்கும். அவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதுதான் உங்களுக்கு" என்றார். அவர் அனுமதித்தால் மட்டுமே மற்றதைச் சொல்ல முடியுமாம். சின்ன டவுனில் இது பெரிய விடயம். ஆஸ்பத்திரியில் தெரிந்தவருக்குப் போன் போட்டு 'அவனுக்கு என்னவாம்?' என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வலிப்பு வருத்தம் என்று ஒரு சொல் வெளியே வந்தால் அந்தப் பிள்ளைக்கு வேலையும் இல்லை, கலியாணமும் இல்லை. ஏணியில் ஏறக் கூடாது, ஆலை இயந்திரத்துக்கும் கொதிக்கும் எண்ணெய்க்கும் பக்கத்தில் தனியாக நிற்கக் கூடாது, வாகனம் ஓட்டக் கூடாது என்பது மட்டும் நமக்குத் தெரிந்தால் போதும். கல்லாவில் உட்கார அதில் எது தடை?

திரும்பி வந்ததும் எல்லாம் சீராக நடந்தது என்று சொன்னால் அது பொய். முதல் மாதம் அவரே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார். மூடை தூக்கியவனைப் பெண் பிள்ளை மாதிரிக் கதிரையில் வைத்துவிட்டார்கள் என்று வெற்றிலைக் கடையில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். மற்ற இரண்டு பையன்களும் 'அவர் பாரம் எங்கள் தலையில்' என்று முணுமுணுத்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. அதற்காக இரண்டு சில்லு வைத்த ஒரு தள்ளுவண்டி வாங்கினேன். படிக்கட்டின் மேல் சாய்வாக ஒரு பலகை போட்டோம். இதன் செலவு, அவரை அனுப்பும்போது நான் கொடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. பலனை அனுபவிப்பவர்களோ அந்தப் பையன்கள்தான். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எல்லாம் வசதியாக இருந்தாலும் ஓர் ஆள் தூக்கும் பாரம் 23 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று கணக்கிட்டிருக்கிறது. சர்வதேச தொழில் தாபனம் 1967இல் சொன்ன உச்சம் 55 கிலோ. நமது மூடை 50. தாபனத்தின் கணக்கில் நாம் தப்பிவிட்டோம், முதுகெலும்பின் கணக்கில் தப்பவில்லை.

சம்பளத்திலும் ஓர் இழுபறி வந்தது. மூடைக் கூலி இல்லாததால் நான் குறைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான் "கணக்குக் கொப்பியில் எத்தனை தோட்டக் கடன் திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்றாள். பார்த்தேன். லயத்துக்கு லயம் ஆட்களைத் தெரிந்தவர் அவர். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரிந்தவர். வராத கடன் பாதியாகக் குறைந்திருந்தது. சம்பளத்தைப் பழையபடி ஆக்கினேன். இதை என் தாராளத்துக்கு அடையாளமாக எடுக்க வேண்டாம், கணக்கு அப்படிச் சொன்னது.

இனி நம்மில் பலர் கேட்க விரும்பாத பகுதிக்கு வருகிறேன். வேலை செய்யும்போது காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுப்பது இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி முதலாளியின் கடமை. கடை சின்னது என்பதால் அது இல்லாமல் போகாது. 5 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்த உச்சத் தொகை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு 20 இலட்சம் ரூபாவானது. இதற்குக் காப்புறுதி எடுக்கலாம். லொறிக்கும் சரக்குக்கும் எடுக்கிறோம், சரக்கை இறக்குபவனுக்கு எடுப்பதில்லை. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிற்பாட்ட அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அதற்குக் குறைந்த கடைக்காரரையும் தொழில் நியாய சபைக்குக் கூப்பிடலாம். ஊழியர் சேமலாப நிதி ஓர் ஊழியர் இருந்தாலே கட்ட வேண்டியது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர் வயதுக்கு முன்பே அதை எடுக்க வழி இருக்கிறது. நாம் கட்டியிருந்தால்தானே அவர் எடுப்பார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்துகொடுப்பது அதில் உரிமையாகவே சொல்லப்படுகிறது.

அந்த மனிதர் என் சீனி மூடையோடுதான் விழுந்தார். நான் கொடுத்த இரண்டு மாதச் சம்பளத்தை ஸதகா என்று எண்ணியது, கடன்காரன் தான் திருப்பிக் கொடுக்கும் கடனைத் தர்மம் என்று எழுதிக்கொள்வது போன்றது. தொழில் திணைக்களத்தில் விசாரித்து, செலுத்த வேண்டியதைத் தவணை போட்டுச் செலுத்தினேன். ஒருவருடைய ஹக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்க மனம் வரவில்லை.

மார்க்கத்தில் நமக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. பிலால் (ரலி) அவர்களோடு மதீனாப் பள்ளியில் பாங்கு சொன்ன மற்றவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். பிலால் (ரலி) அவர்கள் இரவு முடியுமுன் ஒரு பாங்கு சொல்வார்கள். நோன்பாளிகள் உண்பதை நிறுத்த வேண்டிய ஸுப்ஹு பாங்கைச் சொல்பவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அவர்களோ பார்வையற்றவர்கள். கிழக்கு வெளுப்பதை அவர்களால் பார்க்க முடியாது. 'ஸுப்ஹு வந்துவிட்டது' என்று மற்றவர்கள் சொன்ன பின்பே பாங்கு சொல்வார்கள் என்று ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கிறது. இதை நாம் பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஒரு முதலாளியின் கண்ணோடு கேட்டுப் பாருங்கள். நேரம் பார்க்க வேண்டிய வேலை, பார்வையில்லாத மனிதர். வேலையை அவரிடமிருந்து எடுக்கவில்லை, நேரத்தைச் சொல்ல ஆள் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வெளியூர் போகும்போது மதீனாவின் பொறுப்பையே அவர்களிடம் விட்டுச் சென்றதும் உண்டு. நாம் பார்வையற்றவருக்கு ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் சில்லறை போடுகிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நமது வீதிக் கடைக்காரர்கள் அரிசியும் பாயும் உடுப்பும் அள்ளிக்கொடுத்தார்கள். சாதி, மதம் யாரும் பார்க்கவில்லை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியான அனர்த்தங்களில் கையோ காலோ பழுதான ஒருவர் ஆறு மாதம் கழித்து வந்து வேலை கேட்டால் நாம் என்ன சொல்லியிருப்போம்? 'பார்ப்போம்' என்றுதான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஏதோ ஓர் இயலாமை இருந்தது. சீனி வருத்தத்தில் கால் விரல் இழப்பவர்களை இப்போது எந்தக் குடும்பத்தில் காணவில்லை? நாளைக்கு அது என் தம்பியாக இருக்கலாம், கல்லாவில் இருக்கும் நானாகவும் இருக்கலாம்.

மூன்று பேர் வேலை செய்யும் கடையில் இதெல்லாம் எப்படி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சில வேளை முடியாதுதான். லொறி ஓட்டுபவரின் பார்வை போனால் அவரை லொறியில் வைக்க முடியாது. சில்லறைக் கடையில் அவருக்கு வேறு வேலை இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் அந்த வைத்தியக் கடிதம் சரியாக எழுதப்பட்டிருந்தால் நட்டஈட்டுக்கும் சேமலாப நிதிக்கும் அவருக்கு உதவும். ஆனால் பெரிய கொம்பனியைவிடச் சின்னக் கடைக்கு ஒரு வசதியும் உண்டு. கமிட்டி இல்லை, மேலதிகாரி இல்லை. முதலாளி நினைத்தால் கதிரை அன்றைக்கே வந்துவிடும். தோட்டச் சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் பெயர் கேட்கும் முதலாளிமார் சம்மேளனம், ஊனமுற்றோரின் வேலைவாய்ப்புக்கென்று தனியான ஒரு வலையமைப்பைப் பல வருடங்களுக்கு முன்பே ஆரம்பித்தது. பெரிய இடங்களுக்கு அது இருக்கிறது. நமக்கு வர்த்தகச் சங்கம் இருக்கிறது.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு விடயங்களை வைக்கப் போகிறேன். ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரியை ஒரு போயா நாளில் அழைத்து, வேலை விபரத் தாள் எப்படி இருந்தால் வைத்தியர்களுக்கு வசதி என்று கேட்டு, ஒரே மாதிரியான படிவம் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து எல்லாக் கடைக்கும் கொடுப்பது. மற்றது, தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியைக் கடைக்குக் கடை எடுக்காமல் சங்கமாகச் சேர்ந்து எடுத்தால் கட்டணம் எவ்வளவு குறையும் என்று காப்புறுதிக் கொம்பனிகளிடம் விலை கேட்பது. போன முறை இதே பேச்சு வந்தபோது நேரமில்லை என்று கூட்டத்தை முடித்தார்கள். இந்த முறை தேநீருக்கு முன்பே எழும்புவதாக இருக்கிறேன்.